நான்காண்டுப் படிப்பைத் திட்டமிடுதல்: ஒரு விஞ்ஞான உயர்நிலைப் பள்ளி தரும் பாடம்

பள்ளி இறுதி வகுப்பை எட்டிய மாணவன் ஒருவன் தன் ஆசிரியரிடம் வந்து, பொறியியல் பயில விரும்புவதாகக் கூறுகிறான். அவனுடைய ஆர்வத்தில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. ஆனால் இரண்டாண்டுகளுக்கு முன் அவன் எடுத்துக்கொண்ட பாடங்களில் கணிதம் இல்லை. அன்று அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. இன்று எடுத்துச் சொல்லிப் பயனில்லை. இத்தகைய மாணவனைத் தம் பணிக் காலத்தில் ஒரு முறையேனும் சந்திக்காத ஆசிரியர் நம்மிடையே அரியர்.

பாடங்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாளில் நிரப்பித் தரும் படிவமன்று. இன்று எடுக்கும் ஒரு பாடம் மூன்றாண்டுகளுக்குப் பின் எந்தக் கதவைத் திறக்கும், எடுக்காது விட்ட பாடம் எந்தக் கதவை அடைக்கும் என்று முன்கூட்டியே கணக்கிடும் வேலை அது. இக்கணக்கை மாணவர்களே ஆண்டுதோறும் போட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயத்தில் வைத்திருக்கும் ஒரு பள்ளியைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அப்பள்ளி அமெரிக்க நாட்டில் உள்ளது. ஆயினும் அங்குப் பயன்படும் கணக்கு முறை எந்நாட்டு ஆசிரியருக்கும் உதவக் கூடியதே.

விஞ்ஞானத்திற்கென ஒரு பள்ளி

விஞ்ஞானத்தில் நாட்டமுள்ள மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கென்று தனி உயர்நிலைப் பள்ளிகளை நடத்தும் வழக்கம் அமெரிக்காவில் நெடு நாளாக உண்டு. நியூயார்க் நகரில் 1938-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிராங்க்ஸ் விஞ்ஞான உயர்நிலைப் பள்ளி அவற்றுள் பெயர் பெற்றது. அப்பள்ளியில் 1950-ஆம் ஆண்டு ஒரே வகுப்பில் படிப்பை முடித்த ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பர்க் என்னும் இருவரும் 1979-ஆம் ஆண்டு அப்துஸ் சலாமுடன் பௌதிகத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் பள்ளி இதனினும் இளையது. வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்கு அண்மையிலுள்ள பேர்பாக்ஸ் மாவட்டத்தில், 1985-ஆம் ஆண்டு தாமஸ் ஜெபர்சன் விஞ்ஞானத் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி நிறுவப்பெற்றது. பேர்பாக்ஸ் மாவட்டத்து மாணவர்களேயன்றி அண்டைப் பகுதிகளின் மாணவர்களும் இதில் சேர விண்ணப்பிக்கலாம். 9-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை நான்காண்டுப் படிப்பு. இது அரசாங்கப் பள்ளி. நுழைவதற்குப் போட்டி கடுமையானது.

நம் நாட்டில் 11-ஆம் வகுப்பில் சேரும் மாணவன், பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்ட பாடத் தொகுதிகளுள் ஒன்றை எடுத்துக் கொள்கிறான். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு பாடமும் தனித்தனியே நிற்கிறது. அடுத்த கல்வியாண்டில் என்னென்ன படிப்பது என்பதை மாணவர் முந்திய ஆண்டே, பாட ஆலோசகரைக் கலந்து முடிவு செய்கிறார். தனித்தனிக் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்புவது போன்ற இம்முறையில் சுதந்திரம் மிகுதி. அடிக்கல் ஒன்று விடுபட்டால் மேலே ஒன்றும் நில்லாது என்ற அபாயமும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

இருபத்தெட்டுக் கட்டங்கள்

ஓராண்டுக்கு ஒரு பாடத்தைப் படித்துத் தேறினால் ஒரு 'கிரெடிட்' கிடைக்கும். இச்சொல்லுக்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் இன்னும் நிலைபெறாமையால் அதனை அப்படியே வழங்குகிறோம். வர்ஜீனியா மாநில விதிப்படி, ஒரு கிரெடிட் என்பது 140 மணி நேரப் பாட போதனையைக் குறிக்கும். மாநிலத்தின் உயர் படிப்புச் சான்றிதழைப் பெறுவதற்கு, 2011-ஆம் ஆண்டில் 9-ஆம் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல், 26 கிரெடிட்டுகள் வேண்டும் என்பது விதி. அவற்றின் பங்கீடு வருமாறு: ஆங்கிலம் 4; கணிதம் 4; சோதனைச்சாலைப் பயிற்சியுடன் கூடிய விஞ்ஞானம் 4; சரித்திரமும் சமூகப் பாடங்களும் 4; அயல் மொழி 3; சுகாதாரமும் உடற்பயிற்சியும் 2; நுண்கலை அல்லது தொழிற்கல்வி 1; பொருளாதாரமும் சொந்த வரவு செலவும் 1; விருப்பப் பாடங்கள் 3.

இனி மாணவரிடம் உள்ள இடத்தைப் பார்ப்போம். ஆண்டுக்கு ஏழு பாடங்கள், நான்காண்டுக்கு 28. ஒரு தாளில் ஏழு கட்டங்கள் கொண்ட நான்கு வரிசைகளை வரைந்தால், உயர்நிலைப் படிப்பு முழுவதும் அந்த 28 கட்டங்களுக்குள் அடங்கிவிடும். நடுநிலைப் பள்ளியிலேயே சில உயர்நிலைப் பாடங்களை முடித்து வருவோரும் உண்டு. கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு, எல்லாப் பாடங்களையும் இந்நான்காண்டுக்குள்ளேயே படிக்கும் மாணவரை எடுத்துக் கொள்வோம்.

விருப்பப் பாடங்கள் மூன்றையும் நீக்கிப் பார்த்தால், விதிகள் மட்டும் 23 கட்டங்களை நிரப்பிவிடுகின்றன. மிஞ்சுவன ஐந்து. மாநில விதிகளுக்கு மேல் பள்ளியின் விதிகளும் உள்ளன. கணிப்பொறி விஞ்ஞானத்தின் அடிப்படைப் பாடத்தை எல்லோரும் படித்தாக வேண்டும். இறுதியாண்டில் எல்லோரும் ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டாக வேண்டும். இவ்விரண்டும் போக, மாணவர் தம் விருப்பப்படி நிரப்பத்தக்க கட்டங்கள் ஏறத்தாழ மூன்றுதான்.

வெளியிலிருந்து நோக்குவோருக்கு இப்பள்ளியின் பாடப் பட்டியல் பெரும் விருந்தாகத் தோன்றும். நுண்கணிதத்திற்கு அப்பாற்பட்ட கணிதம், செயற்கை அறிவு, நரம்பியல், ஒளியியல், கடலியல் என்று அது நீண்டு செல்கிறது. பரிமாறப்படும் பண்டங்கள் பல. இலையில் இடமோ சிறிது. வயலின் வாசிக்கும் மாணவி ஒருத்தி நான்காண்டும் பள்ளி இசைக்குழுவில் இருக்க விரும்பினால், அதற்கு மட்டும் நான்கு கட்டங்கள் வேண்டும். எனவே அவள் உடற்பயிற்சி போன்ற கட்டாயப் பாடம் ஒன்றைக் கோடை விடுமுறையிலே முடித்து, ஒரு கட்டத்தை விடுவித்துக் கொள்ள வேண்டியிருக்கும். அவ்வாறு செய்தால், அதிகப்படியான விஞ்ஞானப் பாடம் எதற்கும் அவளிடம் இடம் இராது. இது தவறன்று. ஆனால் இவ்வுண்மையை அவள் முதலாண்டிலே அறிந்து முடிவு செய்தாளா, இறுதியாண்டிலே அறிந்து வருந்தினாளா என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

ஏணிகள்

கட்டங்களை எண்ணுவது முதற் படி. அவற்றை எந்த வரிசையில் நிரப்புவது என்பது இரண்டாம் படி. சில பாடங்கள் தனித்து நிற்பவை; அவற்றை எந்த ஆண்டிலும் படிக்கலாம். வேறு சில ஏணிப் படிகள் போன்றவை; கீழ்ப் படியில் கால் வைக்காமல் மேற் படிக்குச் செல்ல முடியாது.

ஏணிகளில் தலையாயது கணிதம். அமெரிக்கப் பள்ளிகளில் இதன் படிகள் பொதுவாக ஐந்து: இயற்கணிதத்தின் முதற் பாடம், வடிவ கணிதம், இயற்கணிதத்தின் இரண்டாம் பாடம், நுண்கணிதத்திற்கு ஆயத்தமாக்கும் பாடம், நுண்கணிதம். ஜெபர்சன் பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் நுண்கணிதம் வரை ஏறியாக வேண்டும். இயற்கணிதத்தின் முதற் பாடத்தை 8-ஆம் வகுப்பிலே முடித்து வருகிறவர், ஆண்டுக்கொரு படியாக ஏறினால், இறுதியாண்டில் நுண்கணிதத்தை எட்டுவார். இடையில் ஓராண்டும் தவறக் கூடாது. இயற்கணிதத்தின் இரண்டாம் பாடத்தையும் முடித்து வருகிறவரோ நடுவில் நின்று மூச்சு விட்டுக்கொள்ளலாம். அல்லது நுண்கணிதத்தைக் கடந்து பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றுக்கும் செல்லலாம்.

பின்தங்கித் தொடங்குவோருக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, வடிவ கணிதத்தைக் கோடை விடுமுறையில் முடித்துவிடுவது. மற்றொன்று, பள்ளி தன் கணிதப் பாடங்களை ஆண்டுக் கணக்கில் அன்றிப் பருவக் கணக்கில் பகுத்திருப்பதால், படிகளைச் சற்று விரைவாகக் கடப்பது. முதலாண்டின் முதற் பருவத்தில் ஆராய்ச்சிக்குப் பயன்படும் புள்ளியியல் கற்பிக்கப்படுவதும் கவனிக்கத்தக்கது. அளந்தெடுத்த எண்களில் தற்செயலான வேறுபாடு எது, பொருளுள்ள வேறுபாடு எது என்று பிரித்தறியத் தெரியாதவன் சோதனைச்சாலையில் நுழைந்து பயனில்லை என்பதே இதன் கருத்து.

இரண்டாவது ஏணி விஞ்ஞானம். இப்பள்ளி நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்த வரிசை: முதலாண்டில் உயிரியல், இரண்டாம் ஆண்டில் ரசாயனம், மூன்றாம் ஆண்டில் பௌதிகம், நான்காம் ஆண்டில் புவி அமைப்பியல். உயிரியல் தனியே கற்பிக்கப்படுவதன்று. உயிரியல், ஆங்கிலம், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஆகிய மூன்று பாடங்களின் ஆசிரியர்களும் ஒரே மாணவர் குழுவுக்குக் கூடிப் பாடம் நடத்துகின்றனர். மாணவர் ஓர் உயிரியல் வினாவை எழுப்பி, அதனை அளப்பதற்கான கருவியைத் தாமே அமைத்து, கண்ட முடிவைத் தெளிவான உரைநடையில் எழுதுகின்றார். சோதனை செய்யத் தெரிந்தும் அதனை எழுதத் தெரியாத நிலையை முதலாண்டிலேயே போக்கும் முயற்சி இது.

இவ்விரு ஏணிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. நுண்கணிதத்தைக் கையாளும் உயர் பௌதிகப் பாடத்தைப் படிக்க, நுண்கணிதத்தை முன்னரே முடித்திருக்க வேண்டும். குறைந்தது அதே ஆண்டிலாவது உடன் படிக்க வேண்டும். ஆகவே, கணிதத்தில் ஒரு படி தாமதித்தவர் பௌதிகத்திலும் ஒரு படி தாமதிப்பார். பௌதிக வகுப்பில் ஒரு மாணவன் தடுமாறுவதைக் கண்டு பௌதிக ஆசிரியரைக் குறை கூறுகிறோம். குறையின் வேர் இரண்டாண்டுகளுக்கு முந்திய கணித வகுப்பில் இருக்கக் கூடும்.

முடிவிலிருந்து தொடங்குக

இத்துணை விதிகளுக்கும் இடையில் வழி கண்டுபிடிப்பது எவ்வாறு? முதலாண்டிலிருந்து முன்னோக்கிச் செல்லாமல், இறுதியாண்டிலிருந்து பின்னோக்கி வருவதே நல்ல முறை.

இப்பள்ளிப் படிப்பின் சிகரம் இறுதியாண்டு ஆராய்ச்சி. வானியல், உயிர்த் தொழில்நுட்பம், ரசாயனப் பகுப்பாய்வு, கணிப்பொறி அமைப்புகள், கடலியலும் புவிப் பௌதிகமும், நரம்பியல், குவாண்டம் பௌதிகமும் ஒளியியலும், தானியங்கி யந்திரங்கள் போன்ற துறைகளுக்குத் தனித்தனிச் சோதனைச்சாலைகள் உள்ளன. மாணவர் அவற்றுள் ஒன்றில் ஆராய்ச்சி செய்யலாம். அல்லது வெளியிலுள்ள ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒரு விஞ்ஞானியின் மேற்பார்வையில் பணி செய்யலாம். வாஷிங்டன் நகரின் அண்மை இதற்கு வசதியாக இருக்கிறது.

ஒரு மாணவி கணிப்பொறிச் சோதனைச்சாலையில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாள் என்று கொள்வோம். பின்னோக்கி எண்ணுவோம். 12-ஆம் வகுப்பில் ஆராய்ச்சி. அதற்கு முன், 11-ஆம் வகுப்பில், செயற்கை அறிவுப் பாடம். அதில் சேர வேண்டுமாயின், 10-ஆம் வகுப்பில் நிரல் எழுதும் முறையையும் தரவு அமைப்புகளையும் கற்பிக்கும் பாடத்தை முடித்திருக்க வேண்டும். அதற்கும் முன், 9-ஆம் வகுப்பில், கணிப்பொறி விஞ்ஞானத்தின் அடிப்படைப் பாடம். நான்கு ஆண்டுகள், நான்கு படிகள். சங்கிலி இறுகியே இருக்கிறது. "அடிப்படைப் பாடம் எப்படியும் படிக்க வேண்டியதுதானே, அடுத்த ஆண்டு பார்த்துக் கொள்ளலாம்" என்று முதலாண்டில் ஒதுக்கி வைத்தால் பள்ளி விதி மீறப்படுவதில்லை. ஆனால் சங்கிலி அறுந்துவிடுகிறது. முன்னோக்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு இவ்வபாயம் புலப்படாது; பின்னோக்கிப் பார்ப்பவருக்கு உடனே புலப்படும்.

பதினான்கு வயதில் எந்தப் பிள்ளைக்குத் தன் இறுதியாண்டு ஆராய்ச்சி இன்னதென்று தெரியும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. விருப்பம் மாறும், மாறுவதே இயல்பு. ஆகவே திட்டத்தை மையால் எழுதாமல் பென்சிலால் எழுத வேண்டும். முதலாண்டில் இரண்டு அல்லது மூன்று முடிவுகளைக் கருதி, அம்மூன்றுக்கும் பொதுவான கீழ்ப் படிகள் எவை என்று பார்த்து, அவற்றை முதலில் நிரப்புவதே விவேகம். கணிதம் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொதுவான படி. தெளிவாக எழுதும் பழக்கமும் அவ்வாறே. விருப்பம் மாறினாலும் இவை வீணாவதில்லை.

இப்பள்ளியில் நடந்த ஒரு முயற்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் அளவுள்ள கனசதுர வடிவான சிறு துணைக்கோள் ஒன்றை அமைக்கும் வேலையை மாணவர்கள் 2006-ஆம் ஆண்டு தொடங்கினர். அது 2013-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து விண்ணில் செலுத்தப்பட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அமைத்து விண்ணில் செலுத்தப்பட்ட முதல் துணைக்கோள் அதுவே. தொடங்கியது முதல் ஏவியது வரை ஏழு ஆண்டுகள். பள்ளிப் படிப்போ நான்கு ஆண்டுகள். தொடங்கிய மாணவர் எவரும் ஏவுதலின்போது அப்பள்ளியில் இருந்திருக்க முடியாது. ஒவ்வொரு வகுப்பும் தன் பங்கை முடித்து, குறிப்புகளை ஒழுங்காக எழுதி, அடுத்த வகுப்பிடம் ஒப்படைத்தது. தன் காலத்திற்குள் முடியாத வேலையிலும் ஒழுங்காகப் பங்கு பெறுவதே ஆராய்ச்சியின் இயல்பு.

அடிக்கடி நேரும் பிழைகள்

திட்டமிடுவதில் மாணவரும் பெற்றோரும் செய்யும் பிழைகள் மூன்று.

முதலாவது, மதிப்பெண்ணின் எடைக்காகப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது. அமெரிக்காவில் கல்லூரித் தரத்துக்கு ஒப்பாகக் கருதப்படும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்னும் பாடங்கள் உள்ளன. பேர்பாக்ஸ் மாவட்டத்தில் முதல் தரத்திற்கு 4 புள்ளிகள். இவ்வுயர் பாடங்களுக்கு அதன்மேல் 1 புள்ளியும், 'ஆனர்ஸ்' பாடங்களுக்கு அரைப் புள்ளியும் கூடுதலாகத் தரப்படுகின்றன. கடினமான பாடத்தை ஏற்பவர் நட்டமடையக் கூடாது என்பதே இவ்விதியின் நோக்கம். நாளடைவில் நோக்கம் மறைந்து, எந்தப் பாடத்தில் கூடுதல் புள்ளி உண்டோ அதனையே எடுப்பது என்ற பழக்கம் தலையெடுக்கிறது. சித்திரத்தில் உண்மையான நாட்டமுள்ளவர், சித்திர வகுப்புக்குக் கூடுதல் புள்ளி இல்லை என்பதற்காக அதனைக் கைவிட நேர்கிறது.

இரண்டாவது, கணித ஏணியில் ஓட்டப் பந்தயம். ஒரு படியை விட்டு மறு படிக்குத் தாவியவர், சில வேளைகளில் விட்ட படிக்குரிய அறிவின்றியே மேலே நிற்பார். பின்னங்களை உறுதியாகக் கையாளத் தெரியாதவருக்கு நுண்கணிதத்தில் நேரும் துன்பம் நுண்கணிதத்தால் நேர்வதன்று. எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்பதைக் காட்டிலும், நிற்கும் படி உறுதியாக இருக்கிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

மூன்றாவது, நாளின் நேரத்தைக் கணக்கிடாமை. பள்ளி நேரத்திற்குப் பின் ஒரு கடினமான பாடத்திற்கு ஒரு மணி நேரமும், மற்றப் பாடத்திற்கு அரை மணி நேரமும் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். ஏழு பாடங்களில் இரண்டு மட்டும் கடினமானவையாயின் நாள்தோறும் நாலரை மணி நேரம் ஆகும். நான்கு கடினமானவையாயின் ஐந்தரை மணி. ஆறாயின் ஆறரை மணி. தொலைவிலிருந்து பேருந்தில் வந்து செல்லும் பிள்ளைக்குப் பயண நேரத்தையும் சேர்க்க வேண்டும். எஞ்சுவது தூக்கத்திலிருந்தே கழிக்கப்படும். பதினைந்து வயதுப் பிள்ளை எட்டு மணி நேரமேனும் உறங்க வேண்டும் என்பதை எந்தப் பாடத் திட்டமும் மாற்ற முடியாது. வாரத்தில் இரு நாள் இறுதிப் பாட வேளையை மாணவர் சங்கங்களுக்கும் சொந்த ஈடுபாடுகளுக்கும் என இப்பள்ளி ஒதுக்கி வந்ததன் காரணமும் இதுவே. எல்லாக் கட்டங்களையும் கனமானவற்றால் நிரப்புவது பேராசை. ஒரு கட்டத்தை இலேசாக விடுவது திட்டத்தின் ஒரு பகுதி.

எவருக்கு இத்திட்டம் மிகவும் தேவை?

இப்பள்ளிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை 2020-ஆம் ஆண்டு மாற்றப்பட்டது. அதுவரை எழுத்துத் தேர்வொன்று நடத்தப்பட்டு வந்தது. அத்தேர்வும், 100 டாலர் விண்ணப்பக் கட்டணமும் நீக்கப்பட்டன. ஒவ்வொரு பொது நடுநிலைப் பள்ளியிலும் 8-ஆம் வகுப்பு மாணவர் தொகையில் 1.5 சதவிகிதத்திற்குச் சமமான இடங்கள் அந்தந்தப் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டன. முதலாண்டு இடங்கள் சுமார் 550 ஆக உயர்த்தப்பட்டன. இம்மாற்றத்தைப் பெற்றோர் சிலர் எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். 2023-இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் புதிய முறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. தேர்வு முறையில் எது நியாயம் என்ற வாதம் பெரிது. அதற்கு இங்கு இடமில்லை. ஆசிரியர் கவனிக்க வேண்டிய விளைவு ஒன்று உண்டு.

முன்பு மிகச் சிலரையே அனுப்பி வந்த, அல்லது ஒருவரையும் அனுப்பாதிருந்த நடுநிலைப் பள்ளிகளிலிருந்தும் இப்போது பிள்ளைகள் வந்தனர். ஒரே வகுப்பறையில், இயற்கணிதத்தின் இரண்டாம் பாடத்தையும் முடித்து வந்தவரும் இருப்பார். முதற் பாடத்தோடு வந்தவரும் இருப்பார். முன்னவரின் வீட்டில் அண்ணனோ அக்காளோ இதே பள்ளியில் படித்திருக்கலாம். எந்த ஆண்டில் எதை எடுப்பது என்று உணவு வேளையிலேயே பேசி முடித்திருப்பார்கள். பின்னவரின் வீட்டில் அதைப் பேசத் தெரிந்தவர் இருக்க மாட்டார்கள். முன்னவர் ஒரு கட்டத்தை வீணாக்கினாலும் ஈடு செய்ய அவகாசம் உண்டு. பின்னவருக்கோ, நாம் மேலே கணக்கிட்டபடி, நான்காண்டில் நான்கு படிகள், ஓராண்டும் மிகையில்லை.

ஆகவே பாடத் திட்டம் மிகவும் தேவைப்படுவது முன்னணியில் நிற்கும் மாணவருக்கன்று. கடைசிப் படியிலிருந்து தொடங்கும் மாணவருக்கே. பள்ளியில் இடம் கொடுப்பது வாயிலைத் திறப்பது மட்டுமே. உள்ளே எந்தப் படிக்கட்டு எங்குச் செல்கிறது என்று சொல்வாரின்றேல், திறந்த வாயிலின் பயன் பாதியாகக் குறையும். இதனைச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். வீட்டில் சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு ஆசிரியர் ஒருவரே துணை.

நம் பள்ளிகளில்

நம் நாட்டு மாணவருக்கு 28 கட்டங்கள் இல்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அத்துணை விரிந்ததன்று. எனினும் 9-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான நான்காண்டு இங்கும் உண்டு. ஏணிகளும் உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-ஆம் ஆண்டின் 10-ஆம் வகுப்புப் பரீட்சையிலிருந்து கணிதத்தை இரு நிலைகளாக வகுத்து, அவற்றுள் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுக்கலாம் என்றது. எளிய நிலையைத் தேர்ந்தவர் 11-ஆம் வகுப்பில் கணிதம் எடுக்க இயலாது என்பது தொடக்கத்தில் இருந்த விதி. இவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. ஆயினும் அந்நாளில் 'எளிது' என்ற ஒரு சொல்லைக் கண்டு கையொப்பமிட்ட பிள்ளைகள், தாம் எந்தக் கதவின் முன் நிற்கிறோம் என்பதை அறிந்திருந்தனரா? விதிகள் மாறிக்கொண்டேயிருக்கும். ஆகவே அந்தந்த ஆண்டின் விதியை நேரில் படித்து, மாணவருக்கு அவர் மொழியில் விளக்குவது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகிறது. கலைப் பாடங்களுக்கும் விஞ்ஞானப் பாடங்களுக்கும் இடையில் கடுமையான பிரிவினை கூடாதென்றும், மாணவருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு விரிய வேண்டுமென்றும் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. வாய்ப்பு விரியும்போது வழிகாட்டும் பொறுப்பும் உடன் விரியும்.

இதற்குப் பொருட் செலவு ஏதும் தேவையில்லை. 9-ஆம் வகுப்பின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள் கொடுத்து, நான்கு வரிசைகள் வரையச் செய்யலாம். தாம் இரண்டாண்டு, நான்காண்டுகளுக்குப் பின் செய்ய விரும்பும் வேலைகள் இரண்டோ மூன்றோ அடியில் எழுதப்படட்டும். பின் ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்விகள்: இதற்கு இறுதி வகுப்பில் எந்தப் பாடங்கள் வேண்டும்? அவற்றைப் படிக்க இப்போதே உறுதியாக்க வேண்டிய கணிதம் எது? எந்த முடிவை ஒத்திப் போடலாம், எதை ஒத்திப் போடக் கூடாது? நாளின் மணி நேரங்களில் இது அடங்குமா? ஆண்டுக்கொரு முறை அத்தாளை எடுத்து, பென்சில் எழுத்தை அழித்துத் திருத்தினால் போதும்.

கிராமப் பள்ளிகளுக்குச் செல்லும் களப் பணியாளர்கள் இன்னொரு செய்தியையும் கவனிக்கலாம். அப்பகுதியில் 11-ஆம் வகுப்பில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் பள்ளி எத்தனை கல் தொலைவில் உள்ளது? அங்குச் சென்று திரும்பப் பேருந்து உண்டா? பெண் பிள்ளைகளுக்கு விடுதி உண்டா? பாடத் திட்டம் தாளில் சரியாக இருந்து, பள்ளி எட்டாத் தொலைவில் இருந்தால், அத்திட்டம் அங்கேயே முறிந்துவிடும். 8-ஆம் வகுப்பிலேயே இச்செய்தி ஆசிரியருக்குக் கிடைத்தால் மாற்று வழி தேட இரண்டாண்டுக்கு மேல் உண்டு; 10-ஆம் வகுப்பின் கோடையில் கிடைத்தால் நான்கு வாரங்களே உண்டு.

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மாணவனுக்குத் தேவைப்பட்டது, 10-ஆம் வகுப்பில் ஒரு நாள் மாலை, ஒரு தாளும் ஒரு பென்சிலும், அவனருகில் அமர்ந்து அரை மணி நேரம் பேசக் கூடிய ஓர் ஆசிரியரும் மட்டுமே. இந்த ஆண்டு 9, 10-ஆம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த அரை மணி நேரத்தை அளிப்பது நம்மால் இயலக் கூடியதே.